டப்பாவில் அடைத்த மஞ்சள்: நியூட்ராசூட்டிகல்கள் செல்லுக்குள் என்ன செய்கின்றன?

சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போகிறவர்களின் கண்ணில் படும்படி இப்போது இன்னோர் அடுக்கும் வைத்திருக்கிறார்கள். குர்குமின், ஒமேகா-3, கோஎன்சைம் க்யூ10, பெர்பெரின், ரெஸ்வெரட்ரால் என்று பெயர் எழுதிய டப்பாக்கள். முன்பக்கத்தில் செல்களுக்குப் புத்துயிர், மூட்டுக்கு வலு, இதயத்துக்குக் காப்பு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். டப்பாவைத் திருப்பினால், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் கொண்டுவந்த விதிமுறைகள் அந்த வரியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரே பொருளைப் பற்றி முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் வேறொன்றும் சொல்வது ஏன் என்று புரிந்துகொள்ள, இந்தப் பொருள்கள் செல்லுக்குள் போய் எதைத் தொடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

நியூட்ராசூட்டிகல் என்ற பெயரை 1989-இல் வைத்தவர் ஸ்டீஃபன் டிஃபெலிஸ் என்ற அமெரிக்க மருத்துவர். உணவில் இயல்பாக இருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, செறிவாக்கி, மருந்தைப் போல மில்லிகிராம் கணக்கில் தருவது என்று இதைப் புரிந்துகொண்டால் போதும். ரசத்தில் போடும் மஞ்சள் உணவு. அதே மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமின் 500 மில்லிகிராம் காப்ஸ்யூலாக வந்தால் அது நியூட்ராசூட்டிகல். கிழங்கு ஒன்றுதான் என்றாலும், உடலுக்குள் போகும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

செல்லின் வரவு செலவு

நாம் சாப்பிடும் இட்லி குளுக்கோஸாகவும், எண்ணெய் கொழுப்பு அமிலங்களாகவும் உடைந்து ரத்தத்தின் வழியே செல்லுக்குள் நுழைகின்றன. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள், நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனைக் கொண்டு அவற்றை எரித்து, ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறைத் தயாரிக்கின்றன. தசை சுருங்குவது, நரம்பு செய்தி அனுப்புவது, சிறுநீரகம் உப்பை வடிகட்டுவது எல்லாமே ஏ.டி.பி.யைச் செலவழித்துத்தான். ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு வரும். ஆனால் எந்த ஒரு நேரத்திலும் உடலில் கையிருப்பாக இருப்பது அதில் மிகச் சிறிய பங்குதான். செலவான மூலக்கூறே மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது. இப்படி உடைப்பதும் கட்டுவதும் சேர்ந்த மொத்த வேலைக்குத்தான் வளர்சிதை மாற்றம் என்று பெயர்.

இந்த வரவு செலவைக் கண்காணிக்கச் செல்லுக்குள்ளேயே சில புரதங்கள் இருக்கின்றன. ஏ.டி.பி. குறையும்போது விழித்துக்கொள்வது ஏ.எம்.பி.கே. என்ற புரதம். மாதக் கடைசியில் கையிருப்பு கரைந்ததும் வீட்டில் புதுச் செலவுகளை நிறுத்திவிட்டு, டப்பாக்களில் மிச்சம் மீதி இருப்பதை எடுத்துச் சமைப்பார்களே, அதைத்தான் இதுவும் செய்கிறது. புதிய கொழுப்பு சேர்ப்பதை நிறுத்தும். சேர்ந்திருக்கும் கொழுப்பை எரிக்கச் சொல்லும். குளுக்கோஸை உள்ளே இழுக்கும். பழுதான பாகங்களைச் செல் தானே தின்று தீர்க்கும் வேலையையும் தூண்டிவிடும். இதற்கு நேர் எதிரானது எம்டார். சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது வளர், கட்டு, சேமி என்று உத்தரவிடுவது அது. மூன்றாவதாக என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம். செல்லுக்கு ரசாயனத் தாக்குதல் வந்தால் இது செல்லின் உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்களை இயக்கிவிடும்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அடுக்கிலுள்ள தாவரப் பொருள்கள் பலவற்றைப் பற்றிய ஆராய்ச்சி, ஏதோ ஒரு வகையில் இந்தக் கண்காணிப்பாளர்களைத் தொடுவதைப் பற்றியதுதான். அவை செல்லுக்கு எரிபொருள் ஆவதில்லை. விளம்பரங்கள் சொல்வதுபோல அழுக்கைத் துடைத்தெடுப்பதும் அவற்றின் முக்கிய வேலை இல்லை. செல் ஏற்கெனவே வைத்திருக்கும் விசையை லேசாக அழுத்துகின்றன. எவ்வளவு அழுத்துகின்றன, எந்தத் திசுவில், எவருடைய உடலில் என்பதைப் பொறுத்து நல்லதோ கெட்டதோ, ஒன்றுமே இல்லாததோ நடக்கலாம்.

வயதாகும்போது இந்த ஏற்பாடு தளர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைகிறது. பழுதானவற்றை அப்புறப்படுத்தும் வேலை மந்தமாகிறது. பிளவுபடுவதை நிறுத்திவிட்ட முதிய செல்கள் சாகாமல் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் லோபஸ்-ஓட்டினும் சக ஆய்வாளர்களும் 2013-இல் முதுமையின் அடையாளங்கள் என்று 9 மாற்றங்களைத் தொகுத்தார்கள். 2023-இல் அது 12 ஆனது. சத்தை உணரும் திறன் பிசகுவதும் மைட்டோகாண்ட்ரியா பழுதாவதும் முதல் பட்டியலிலேயே இருந்தன. நாள்பட்ட அழற்சி பின்னர் சேர்ந்தது.

இவை நோயாக மாறுவதற்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான். இன்சுலின் வந்து தட்டினால், தசைச் செல் தன்னுள்ளே வைத்திருக்கும் குளுக்கோஸ் வாயில்களை மேற்பரப்புக்கு நகர்த்த வேண்டும். செல்லுக்குள் எரிக்கப்படாத கொழுப்பு தேங்கியிருந்தால் இன்சுலினின் செய்தி பாதி வழியிலேயே மங்கிவிடுகிறது. வாயில்கள் மேலே வருவதில்லை. அதே நேரம் கல்லீரலும் இன்சுலினின் சொல் கேட்காமல், இரவு முழுவதும் புதிய குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சோதனையில் அளவு கூடியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து, 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (ICMR-INDIAB) ஆய்வின் கணிப்புப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். அந்த அடுக்கில் டப்பாக்கள் குவிவதற்கு இந்த எண்கள் போதுமான காரணம்.

மரமஞ்சள் சொல்லும் கதை

விசையை அழுத்துவது என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பெர்பெரின். நாட்டு மருந்துக் கடைகளில் மரமஞ்சள் என்று கிடைக்கும் கொடித்தண்டில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் இது. சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் தாவர உறவு எதுவும் கிடையாது; கஸ்தூரி மஞ்சளும் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் மெல்ல வளரும் இந்தக் கொடி, அளவுக்கு மீறி வெட்டப்பட்டு அருகிவிட்டது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பெர்பெரின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து, ஆற்றல் தயாரிக்கும் தொடரின் முதல் கண்ணியை ஓரளவு தடுக்கிறது. ஏ.டி.பி. சற்றே குறைகிறது. உடனே ஏ.எம்.பி.கே. விழித்துக்கொள்கிறது. கொழுப்பு எரிகிறது, குளுக்கோஸ் உள்ளே இழுக்கப்படுகிறது, கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தி குறைகிறது. அதாவது, நன்மை கிடைப்பதே செல்லுக்குச் சிறு நெருக்கடி கொடுப்பதால்தான். உலகெங்கும் சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதித் தரப்படும் மெட்ஃபார்மினும் பெரிதும் இதே வழியில் செல்வதாகவே அறியப்பட்டிருக்கிறது. அந்த மருந்தின் மூதாதையும் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியிலிருந்து வந்ததுதான்.

2008-இல் வெளியான ஒரு சீன ஆய்வில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 36 பேருக்கு 3 மாதம் பெர்பெரினோ மெட்ஃபார்மினோ கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் 500 மில்லிகிராம், நாளுக்கு 3 வேளை. பெர்பெரின் குழுவில், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 9.5 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாக இறங்கியது, மெட்ஃபார்மினுக்கு ஏறத்தாழ இணையான பலன். படித்ததும் நம்பிக்கை பிறக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 36 பேர், 3 மாதம். மெட்ஃபார்மினோ லட்சக்கணக்கானவர்கள் பல பத்தாண்டுகள் சாப்பிட்ட மருந்து. மாரடைப்பு குறைகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா, பத்து ஆண்டு சாப்பிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு 36 பேரின் மூன்று மாதம் விடை சொல்லாது. மேலும், கல்லீரல் பல மருந்துகளைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதிகளைப் பெர்பெரின் தடுக்கிறது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையை இது கடுமையாக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தொடவே கூடாது.

மஞ்சளும் மிளகும்

குர்குமின் வேறு வகை. செல்லில் என்.ஆர்.எஃப்.2 புரதத்தைக் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்துவைத்திருக்கும். குர்குமின் போய்க் கீப்1-இல் ஒட்டிக்கொண்டால் அந்தப் பிடி தளர்கிறது; என்.ஆர்.எஃப்.2 விடுபட்டு உட்கருவுக்குள் போய்க் காப்பு மரபணுக்களை இயக்குகிறது. கூடவே, அழற்சியைத் தூண்டும் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தின் வேகத்தையும் குறைக்கிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் இதெல்லாம் அழகாக நடக்கிறது.

மனித உடலில் சிக்கல் வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் 3 சதவீத அளவுக்குத்தான் இருக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் மஞ்சளை முழுதாகச் சாப்பிட்டாலும் 100 மில்லிகிராம் தேறாது. அதிலும் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதில்லை. தாண்டியதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனுக்குடன் வேதிமாற்றம் செய்து வெளியேற்றிவிடுகின்றன. செல் தட்டில் வேலை செய்த செறிவு ரத்தத்தில் எட்டப்படுவதே இல்லை.

இதற்கு ஒரு வழி பெங்களூரில் கிடைத்தது. அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. இன்று விற்கும் குர்குமின் காப்ஸ்யூல்கள் பலவற்றில் மிளகுச் சாறு இருப்பது இதனால்தான். பாட்டி மஞ்சளோடு மிளகு போட்டதன் அறிவியல் இது என்று பகிர்கிறார்கள். பாட்டியின் ரசத்தில் 2 கிராம் தூய குர்குமின் ஒருபோதும் இருந்ததில்லை. ரசத்தின் பெருமை அதன் ருசியிலும் அது நல்ல உணவாக இருப்பதிலும் இருக்கிறது; அதற்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை.

பைப்பெரின் இதைச் சாதிப்பது கல்லீரலின் கழிவு வேலையைத் தாமதப்படுத்தி. அந்தத் தாமதம் குர்குமினோடு நிற்காது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால், மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவையும் பைப்பெரின் ஏற்றுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பலன் பக்கம் என்ன இருக்கிறது? 2012-இல் தாய்லாந்தில் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 240 பேரிடம் நடந்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 9 மாதத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 16.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. குர்குமின் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இவ்வளவு சுத்தமான முடிவைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிக்கு முன் தயக்கம்தான் வருகிறது. வெவ்வேறு நாடுகளில், இன்னும் பெரிய அளவில் மறுபடி நடந்தால்தான் அதை நம்பி இன்னொருவருக்குப் பரிந்துரைக்க முடியும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளை முழுதாக அலசி, கறாராக நடத்தப்பட்ட மருத்துவப் பரிசோதனை எதிலும் அது தன்னை நிரூபிக்கவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் சுட்டிய இன்னொன்றும் முக்கியம். குர்குமின் தானே ஒளிரும். பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும். அதனால் ஆய்வகச் சோதனைகளில் வேலை செய்யாமலே வேலை செய்வதுபோலத் தோற்றம் தரும்.

தீங்கும் பதிவாகியிருக்கிறது. இத்தாலியில் 2019 வாக்கிலும், பின்னர் அமெரிக்காவிலும் மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் தொகுத்த 10 நோயாளிகளில் 7 பேருக்கு ஒரே குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. மிகச் சிலருக்கே வருவது என்றாலும், காப்ஸ்யூல் தொடங்கிய சில வாரங்களில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ, காரணமில்லாத அசதி வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இந்த அச்சம் தேவையில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் பாடம்

1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர், ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும்போது உருவாகும், எதனோடும் எளிதில் வினைபுரியும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற மூலக்கூறுகள் செல்லை அரிப்பதுதான் முதுமைக்குக் காரணம் என்றார். அப்படியானால் அவற்றைத் தணிக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பொருளைக் கூடுதலாகக் கொடுத்தால் போதுமே என்று உலகம் நம்பியது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினை நாளுக்கு 20 மில்லிகிராம் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் அதே திசையில் போனதால் 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்பது உண்மையாக இருந்தும், அதிலிருந்து ஒரே ஒரு பொருளை உருவி அதிக அளவில் கொடுத்தபோது கதை தலைகீழானது.

ஏன் என்பதற்கு ஒரு பகுதி விடை 2009-இல் ஜெர்மனியில் கிடைத்தது. இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் கொடுத்தார்கள். வைட்டமின் சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் கழிவு இல்லை. இன்னும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும், காப்பு வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் செய்தியும் அவைதான். அந்தச் செய்தியை மாத்திரை அழித்துவிட்டது. காலையில் 40 நிமிடம் நடந்துவிட்டு வந்து, நல்லது என்று எண்ணி 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி போடுகிறவர்களிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

குடலில் இருக்கும் இடைத்தரகர்கள்

இவ்வளவு குறைவாக உறிஞ்சப்படும் பொருள்கள் எப்படி ஓரளவாவது வேலை செய்கின்றன என்ற கேள்விக்குப் பதில், குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கலாம். மாதுளையில் உள்ள எலாஜிடானின்களை அவை யூரோலித்தின் ஏ என்ற பொருளாக மாற்றுகின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் அப்புறப்படுத்த இது தூண்டுகிறது என்று புழுக்களிலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் ஆரம்பக்கட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் இதைத் தயாரிக்கத் தேவையான பாக்டீரியா எல்லோர் குடலிலும் இல்லை. ஒரே மாதுளையை இருவர் பகிர்ந்து சாப்பிட்டால் ஒருவருக்கு யூரோலித்தின் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது.

நார்ச்சத்தின் கதை இதைவிட உறுதியானது. வெந்தயத்தில் உள்ள பிசுபிசுப்பான நார், குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 1990-களிலேயே சர்க்கரை நோயாளிகளிடம் வெந்தயத்தைச் சோதித்து, ரத்தச் சர்க்கரை குறைவதைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்தது நாளுக்கு 25 கிராம் போன்ற பெரிய அளவு. காலையில் விழுங்கும் அரை ஸ்பூனை அதோடு ஒப்பிட முடியாது. கீரை, பயறு, முழுதானியங்களின் நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒமேகா-3-இல் அளவும் வடிவமும் எல்லாமே. நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெயை 25,871 பேரிடம் சோதித்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, இதய நோய்களை மொத்தத்தில் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், மருந்துத் தரத்தில் தூய்மையாக்கிய ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 வகை நாளுக்கு 4 கிராம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியிருந்தவர்களின் இதய ஆபத்தை 25 சதவீதம் குறைத்தது. இதயத் துடிப்புத் தாளம் பிசகுவது அவர்களிடம் சற்றுக் கூடியது. வயதோடு குறையும் என்.ஏ.டி. என்ற மூலக்கூறை நிரப்ப விற்கும் என்.எம்.என்., 2021-இல் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 25 பெண்களிடம் தசையின் இன்சுலின் திறனை மேம்படுத்தியது. உடல் எடை மாறவில்லை. வயதோடு டாரின் என்ற அமினோ அமிலம் குறைகிறது, அதை நிரப்பினால் எலிகள் கூடுதல் காலம் வாழ்கின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வு பரபரப்பூட்டியது. 2025-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தினர் மனிதர்களின் ரத்த மாதிரிகளைப் பார்த்தபோது டாரின் வயதோடு குறையவில்லை. சிலரிடம் கூடியும் இருந்தது. இதற்கிடையில் டாரின் டப்பாக்கள் சந்தைக்கு வந்துவிட்டன.

டப்பா ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

அதை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பெயரைச் சொன்னால் போதாது, டப்பாவே வேண்டும்; மிளகுச் சாறு போன்றவை பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். நாட்டுப் பொருள்தானே என்று சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது, ஓய்வூதியத்தில் மாதம் ஆயிரக்கணக்கில் காப்ஸ்யூலுக்குக் கொடுத்துவிட்டு, கைக்கடக்கமான விலையில் கிடைக்கும் ரத்த அழுத்த மாத்திரையை 'எதற்கு இத்தனை' என்று நிறுத்திவிடுவது.

கொடுத்தால் பலன் உறுதி என்று சொல்லக்கூடிய இடமும் இருக்கிறது: உடலில் உண்மையாகவே குறைவாக உள்ள சத்தை நிரப்புவது. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அவர்கள் சைவ உணவு மட்டும் உண்பவர்களானால் வாய்ப்பு இன்னும் கூடும். நரம்புச் செல்களுக்கும் ரத்த அணுக்களுக்கும் பி12 இன்றியமையாதது. அது குறைந்தால் வரும் கால் மதமதப்பைச் சர்க்கரையால் வந்தது என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் மாத்திரையாகவோ ஊசியாகவோ மருத்துவர் தருவார். அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.